மூன்றாவது மாடிவரை கேட்கும் குரல்

அந்த அக்காவைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவர் குரல் பழக்கம்.

கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் எங்கள் வீடு அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில். காலை ஏழு மணிக்கு இங்கே இன்னும் இருட்டு முழுசாக விலகியிருக்காது. அடுப்பில் ஒரு பக்கம் முட்டை, மறுபக்கம் தேத்தண்ணி. குளியலறைக்குள் என் மகள் தர்ஷினி பல் துலக்குகிறேன் என்று சொல்லிவிட்டு நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அந்தக் குரல் எழும்பும்.

"மார்னிங் பகதூர்! சூடா மாக்கான்?"

எங்கள் புளோக் வாசலில் நிற்கும் நேப்பாளக் காவலாளியிடம், சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்கிறார். அவன் ஏதோ சொல்வான். அடுத்து இரும்புக்கடைப் பக்கமிருந்து, "அங்கிள் ஆ செங், முட்டி வலி எப்படி லா?" அதற்கடுத்து நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, விற்கும் மலாய்க்கார மாக்சிக்கிடம் ஒரு விசாரிப்பு. குரல் நகர்ந்து நகர்ந்து, கார் பட்டறையைத் தாண்டி, பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் போய்த் தேயும்.

"யாரு இது, கோயில் மைக் செட்டை முழுங்கிட்டு வந்த மாதிரி" என்று நான் முட்டையைத் திருப்பிப் போட்டபடி எரிந்து விழுவேன். காலையில் எனக்கு யார் குரலும் பிடிக்காது. என் குரலே பிடிக்காது.

கோவிட் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வருஷம் அது. தர்ஷினி தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. வீட்டிலிருந்து பள்ளி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் நான் காரில்தான் கொண்டுபோய் விடுவேன். நான் மட்டுமா, ஊரே அப்படித்தான். அதனால் அந்தக் கூப்பிடு தூரத்துக்கு ஒரு ஜாம். பள்ளி வாசலில் இரட்டை வரிசையில் கார்கள். ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு பிள்ளை, அதைவிடப் பெரிய ஒரு பை, மறந்துபோன தண்ணீர்ப் புட்டி, திரும்ப ஒரு ஓட்டம். பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த அழுத்துகிறவர்களில் நானும் ஒருத்தி.

ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் குரலுக்கு உடம்பு வந்தது. குள்ளம், நல்ல பருமன், ஏதோ ஒரு திருவிழாவில் கொடுத்த மஞ்சள் டீசட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு குடை. அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததே இல்லை. மழை வந்தால் பிள்ளைகளோடு நனைவார். குடை வண்டிகளை நிறுத்துவதற்கு மட்டும்தான். பின்னால் நாலைந்து பிள்ளைகள் வாத்துக்குஞ்சு மாதிரி வந்தார்கள். என் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"தர்ஷினி அம்மாதானே? நான் யுவன் அம்மா. நம்ம பிள்ளைங்க ஒரே வகுப்பு. அங்க போய்ச் சொல்லிடவா, நீங்க வந்துக்கிட்டு இருக்கீங்கன்னு?"

கேலி செய்கிறாரா, நிஜமாகவே உதவுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். நான் பள்ளி வாசலை எட்டும்போது அவர் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். போகிற போக்கில் குடையைத் தூக்கி எனக்கு ஒரு வணக்கம் வேறு.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. என் கைப்பேசியில் 'யுவன் அம்மா'. அவர் கைப்பேசியில் நான் 'தர்ஷினி அம்மா'. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற அன்றைக்கு நாம் நம் பெயரை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம் போலிருக்கிறது. அடுத்தவர் பெயரைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்காத அந்த மனுஷியின் பெயரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் பேரை வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க, நான் எங்க இருந்தாலும் கேக்கும்தானே" என்பார்.

என் கணவருக்குக் கிள்ளான் துறைமுகப் பக்கம் வேலை மாறியது. கார் அவரோடு போய்விட்டது. பள்ளி வேன் ஓட்டியவரோ, கோவிட் நேரத்தில் பிழைப்பு இல்லாமல் வேனை விற்றுவிட்டார். எனக்குக் கிளினிக்கில் கவுண்டர் வேலை, எட்டு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். வேறு வழியில்லாமல், ஒரு திங்கட்கிழமை காலை தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி நின்றேன். "எங்க இவ்வளவு நாளா காணோம்" என்பது போல அந்த அக்கா சிரித்தார்.

முதல் நாள் நானும் கூடவே போனேன். போனேன் என்றா சொன்னேன்? நின்றேன் என்று சொல்ல வேண்டும். காவலாளியிடம் ஒரு நிமிஷம், இரும்புக்கடையில் ஒரு நிமிஷம், மாக்சிக்கின் மேசைக்கு முன்னால் அவர் மருமகளுக்குக் குழந்தை பிறந்த கதை முழுசும். எனக்குக் காலுக்கடியில் நெருப்பு.

"அக்கா, பிள்ளைங்களுக்கு நேரமாகுதே."

"நேரமெல்லாம் இருக்கு லா. தர்ஷினி, இந்த மாக்சிக் பேரு என்ன?"

தர்ஷினி என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பாருங்க, தெரியல. பேரு தெரியாத ஆளு முன்னால பிள்ளை எப்படி நடக்கும்? கேளுடா கண்ணு. போய்க் கேளு."

அவரிடம் அதுதான் சட்டம். கூட நடக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தினம் ஒருத்தர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பெயரையும் சொல்ல வேண்டும். மறுநாள் அந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் வைக்க வேண்டும். மறந்துவிட்டால் தண்டனையெல்லாம் கிடையாது. மறுபடி போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான். "அங்கிள் சாரி, மறந்துட்டேன், உங்க பேரு என்ன?" என்று ஒரு குட்டிப் பிள்ளை கேட்டால் எந்த ஆள் கோபப்படுவான்? கார் கழுவுகிற பங்களாதேஷ்காரப் பையன்கள், பேருந்து நிறுத்தத்தில் தினமும் ஒரே இடத்தில் நிற்கும் அலுவலகப் பெண், கடைக் கதவை மேலே ஏற்றிவிட்டு முகம் கழுவும் கிழவர், எல்லாருக்கும் பெயர் வந்தது. எத்தனையோ வருஷமாக 'கார்ட்' என்று நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குப் பகதூர் என்று ஒரு பெயர் இருப்பதையே பிள்ளைகள்தான் புளோக் முழுக்கப் பரப்பினார்கள்.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கிளினிக்கில் நாள் முழுக்கப் பெயர் கூப்பிடுவதுதான் என் வேலை. கூப்பிடுவேன், மருந்தைக் கொடுப்பேன், அடுத்த ஆள். சாயங்காலம் ஒரு பெயரும் என் தலையில் இருக்காது. நானே கூப்பிட்ட ஆள் அடுத்த நாள் லிஃப்டில் பக்கத்தில் நின்றால் சுவரைப் பார்ப்பேன். அந்த அக்காவுக்கு மத்தியானத்திலிருந்து பேரங்காடியில் கேஷியர் வேலை. அங்கேயும் அவர் கவுண்டரில்தான் வரிசை நீளமாக நிற்குமாம், வேகமாக நகராதாம், ஆனாலும் ஆட்கள் வேறு வரிசைக்குப் போகமாட்டார்களாம். போய்ப் பார்த்த என் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

தர்ஷினிக்கு நாய் என்றால் உயிர் போகும். பட்டறையில் ஒரு கறுப்பு நாய் எப்போதும் சாலையைப் பார்த்தபடி படுத்திருக்கும். அந்த இடம் வந்தாலே என் மகள் கால் பின்னும். அக்கா பட்டறைக்காரனைக் கூப்பிட்டு நாயின் பெயரைக் கேட்டார். 'பிரேக்' என்றான்.

"கூப்பிடு தர்ஷினி."

"மாட்டேன்."

"அது உன்னை ஒண்ணும் பண்ணாது. அதுக்கு உன் பேரு தெரியல, அதான் பாக்குது."

ஒரு வாரம் கழித்து, மூன்றாவது மாடியில் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே தூரத்தில் என் மகளின் குரல் கேட்டது. "பிரேக்! மார்னிங்!" நாய் ஒரே ஒரு தடவை குரைத்தது. நான் இஸ்திரியைத் தூக்கி வைத்துவிட்டுச் சிரித்தேன். காலையில் நான் சிரித்ததை என் கணவர் பார்த்திருந்தால் காய்ச்சல் பார்த்திருப்பார்.

வழி முழுக்க நல்ல வழி என்று சொல்லமாட்டேன். பாசாருக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு பக்கம் மூடியில்லாத லோங்காங், பெரிய சாக்கடை. விழுந்தால் பிள்ளை தலைவரை மூழ்கும். மறுபக்கம் வரிசையாக நிறுத்தியிருக்கும் கார்கள். பிள்ளைகள் நடுச் சாலையில்தான் நடக்க வேண்டும். பெரிய சாலையில் ஜாம் என்று அந்தச் சந்தில் புகுந்து பறக்கிற வண்டிகள் வேறு. ஒருநாள் ஒரு மோட்டார் சைக்கிள் யுவனின் பையை உரசிக்கொண்டு போனது. பையன் சுற்றிக்கொண்டு போய் லோங்காங் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அடி ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அக்கா வாயே திறக்காமல் பள்ளிவரை நடந்தார் என்று தர்ஷினி வந்து சொன்னாள். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் அவர் செய்த வேலை இது. சந்து முனையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அதற்கு இலை போட ஒரு வெள்ளை வேன் வரும். காப்பாரிலிருந்து விடியற்காலை கிளம்பி, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்கெல்லாம் இலை இறக்கிவிட்டுக் கடைசியாக இங்கே வருகிற ஆள். தாடி, கை முழுக்கப் பச்சை, கண்வரை இறக்கிய தொப்பி. எதிரே வந்தால் நான் சாலை மாறி நடக்கிற மாதிரி ஒரு தோற்றம். அக்கா நேராகப் போய்ப் பெயர் கேட்டார். சேகர்.

"சேகர் அண்ணே, இலை இறக்கிட்டு இந்தச் சந்து வழியாத்தானே போறீங்க? எங்க பின்னால மெதுவா வாங்களேன். உங்க வேன் இருந்தா வேற எவனும் முந்த முடியாது."

"எவ்ளோ மெதுவா?"

"பிள்ளைங்க நடக்கிற அளவுக்கு."

அந்த ஆள் கொஞ்ச நேரம் லோங்காங்கைப் பார்த்தாராம், பிள்ளைகளைப் பார்த்தாராம், சரி என்றாராம். அதிகம் பேசாத மனுஷன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இரண்டு பக்க விளக்கும் மினுக்கி மினுக்கி அந்த வேன் பிள்ளைகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும். சந்து முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்து நடைபாதையில் ஏறியதும் இரண்டு ஹாரன். பீம், பீம். பிறகு அவர் தன் வழியில் போய்விடுவார். அந்த ஹாரன் எங்கள் மூன்றாவது மாடிவரை கேட்கும். சொல்லப்போனால் அதற்கும் நான் முதலில் எரிச்சல்தான் பட்டேன்.

இப்படியே போயிருந்தால் இதில் எழுத ஒன்றுமில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கிளினிக்கில் சாப்பாட்டு நேரம். பூச்சோங்கில் இருக்கும் என் நாத்தனார் ஒரு படம் அனுப்பியிருந்தாள். 'அண்ணி, இது உங்க ஏரியாதானே?' காருக்குள்ளிருந்து எடுத்த படம். இருட்டு. ஒரு வெள்ளை வேன். அதற்கு முன்னால் சின்னச் சின்னதாகப் பிள்ளைகள். ஒரு பிள்ளை முதுகில் ரோஸ் நிறப் பை, அது என் மகளுடையது. கூடவே ஒரு குரல் பதிவு. யாரோ ஒரு பெண், மூச்சு வாங்க: "பேரண்ட்ஸ் எல்லாரும் உஷாரா இருங்க. வெள்ளை வேன், தமிழ்ப்பள்ளி பிள்ளைங்க பின்னாலேயே மெதுவா போகுது. டிரைவர் தொப்பி போட்டு முகத்தை மறைச்சிருக்கான். நம்பர் தெளிவா இருக்கு பாருங்க. எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க."

எனக்குத் தெரிந்த வேன்தான். அந்த ஆள் பெயர்கூடத் தெரியும். ஆனாலும் அந்த ரோஸ் பையைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் குரல் அப்படி. சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் கோலாலம்பூரைச் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, சைவச் சாப்பாட்டுக்கு இலை அதிகம் வேண்டும் என்று சேகர் அண்ணன் அன்று சாயங்காலமே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இலை கொண்டு போயிருந்தார். நாலைந்து இளைஞர்கள் வேனை மறித்து, சாவியைப் பிடுங்கி, கீழே இறங்கு என்றார்களாம். கடைச் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்து, "டேய், இது நம்ம இலைக்காரன்டா" என்று கத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

எங்கள் வகுப்புப் பெற்றோர் குழுவில் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். எங்கள் பையன் நாளையிலிருந்து காரில் வருவான். எங்கள் பிள்ளையும். எங்களுடையதும். யாரும் அந்த அக்காவைத் திட்டவில்லை. ஆனால் யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. என் கணவர் போன் செய்தார். "நீ நாளைக்கு லீவு போட்டு நீயே கொண்டு போய் விடு. நடையெல்லாம் போதும்." லீவு என்றால் ஒரு நாளா? வருஷம் முழுக்கவா? ஏற்கெனவே தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்த லீவுக்கே டாக்டரம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை நடக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டும். நடந்தால், ஏதாவது ஆகிவிட்டால்? அதற்குமேல் யோசிக்க என் மூளை மறுத்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கதவைத் தட்டி அக்கா வந்தார். அதுவரை அவர் என் வீட்டுக்குள் வந்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார். அந்த மனுஷி பேசாமல் உட்கார்ந்திருந்ததில் வீடே வேறு மாதிரி இருந்தது.

"நீங்களும் ஒரு வாய்ஸ் நோட் போடுங்கக்கா, நடந்ததைச் சொல்லி" என்றேன்.

"வாய்ஸ் நோட்டுக்கு மூஞ்சி இல்லையே லா. நான் ஒண்ணு போடுவேன், அவங்க ஒண்ணு போடுவாங்க. கடைசில பயங்காட்டுறதுதான் ஜெயிக்கும்."

கைப்பேசியை எடுத்துச் சேகர் அண்ணனைக் கூப்பிட்டார். எனக்கும் கேட்க வேண்டும் என்றுதான் ஸ்பீக்கரில் போட்டார் போல.

"அக்கா, நான் இனிமே அந்தப் பக்கம் வரலக்கா. எனக்கும் பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. என்னை அடிச்சாக்கூடப் பரவால்ல, நாளைக்கு அவங்க கிளாஸ்ல இந்தப் படத்தைக் காட்டினா நான் என்ன சொல்வேன்?"

"அதுக்குத்தாண்ணே வரச் சொல்றேன். நீங்க வரலன்னா அந்தப் படம்தான் உண்மைன்னு ஆகிடும்."

காப்பார் வீட்டில் ஒரு குழந்தை எதற்கோ அழுவது மட்டும் கேட்டது. பிறகு, "வரேன்" என்றார்.

அக்கா குழுவில் எழுதினார்: 'நாளைக்குக் காலையில நாங்க வழக்கம்போல நடக்கிறோம். வெள்ளை வேனும் வரும். உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னா எல்லாரும் சந்து முனைக்கு வாங்க.' அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். வாயால் கேட்கவில்லை. தர்ஷினி வருவாளா என்பதுதான் கேள்வி என்று எனக்குத் தெரியும்.

"நானும் வரேன்கா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நிச்சயமில்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் சந்து முனையில் நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். தெரு அடைக்கக் கார்கள். கையைக் கட்டிக்கொண்டு அப்பாக்கள். வேன் வந்து நின்றது. சேகர் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார். தொப்பி இல்லாமல் அவர் தலை வழுக்கை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்கதவைத் திறந்தார். கட்டுக் கட்டாக வாழையிலை. நனைந்த பச்சை வாசனை சந்து முழுக்க.

"சேகர் அண்ணே, பிள்ளைங்களுக்கு வணக்கம் சொல்லுங்க" என்றார் அக்கா.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "தர்ஷினி, யுவன், ஹரிணி, குட்டி கவின்..." என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஐயோ, இது வேறு வினையாகப் போகிறதே என்று எனக்குப் பக்கென்றது. நினைத்த மாதிரியே ஒரு அப்பா முன்னால் வந்தார்.

"எங்க பிள்ளைங்க பேரெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொல்ல வெச்சேன்" என்றார் அக்கா. "அவரு பேரு அவங்களுக்கும் தெரியும். எந்தக் கடைக்கு இலை போடுறாரு, எந்த ஊரு, வீட்டுல எத்தனை பேரு, எல்லாம் தெரியும். கேட்டுப் பாருங்க. உங்க பேரு என்னண்ணே?"

அந்த மனுஷர் எதிர்பார்க்கவில்லை. "குமரன்" என்றார், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்வது போல.

"சேகர் அண்ணே, இவரு குமரன், ஹரிணியோட அப்பா."

சேகர் அண்ணன் கை நீட்டினார். ஈரக் கை. குமரன் கொஞ்சம் தாமதித்துத்தான் பிடித்தார். ஆனால் பிடித்தார்.

கடைசிக் காரில் ஒரு பெண் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ குரல் பதிவை அடையாளம் கண்டு சொல்ல, படம் எடுத்தது அவள்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சிலர் முறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அக்கா போய்க் கண்ணாடியைத் தட்டினார், ஒருநாள் என் கண்ணாடியைத் தட்டிய அதே மாதிரி.

"இறங்கி வாங்க சிஸ். நீங்க பாத்தது தப்பே இல்ல. இருட்டுல பிள்ளைங்க பின்னால ஒரு வேன் வந்தா பாக்கத்தான் வேணும். எத்தனை பேரு பாக்காமலே போறாங்க. ஆனா ஹாரன் அடிச்சு என்னைக் கேட்டிருக்கலாம்ல? முன்னாலதானே நடந்துக்கிட்டு இருந்தேன்."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரவு தூங்கியிருக்கமாட்டாள். சேகர் அண்ணன் முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவளோ வேனுக்குள் பார்த்தாள்.

"அடுத்த வாரம் வீட்டுல பூஜை இருக்குண்ணே. இலை கிடைக்குமா?"

"எவ்ளோ வேணும்னாலும் கொண்டாறேன்மா" என்றார் அவர். அவர் குரல் உடைந்ததை நான் கேட்டேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

அன்றைக்குப் பிள்ளைகளோடு பெரியவர்களும் அந்தச் சந்தில் நடந்தோம். பின்னால் வேன். முடிவில் பீம், பீம். எல்லாரும் சிரித்துவிட்டோம். அதற்காக எல்லாரும் மறுநாளே காரை விட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. அந்தப் படம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம்கூடக் கிள்ளானிலிருந்து ஒரு சொந்தக்காரர் எனக்கு அனுப்பி, உஷாராக இருக்கச் சொன்னார். படத்தில் என் மகள் இன்னும் இரண்டாம் ஆண்டில்தான் இருக்கிறாள்.

பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டை முடித்த வருஷக் கடைசியில் அந்த அக்கா பூச்சோங்கில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அழவில்லை, வழி நெடுக நின்று நின்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போவதற்கே அவருக்கு ஒரு காலை முழுக்கப் போனது. ஆ செங் அங்கிள் ஒரு புதுக் குடை கொடுத்தார். போய் ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தார்.

"இங்க ரோடெல்லாம் நல்லா பெருசா இருக்கு லா. ஆனா ஒருத்தன் பேரும் தெரியல. நாளைக்கு ஆரம்பிக்கணும்."

அவருக்குப் பதில் நான் நடந்தேன், வேலைக்குப் போகும் வழியைக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு. தர்ஷினியும் புளோக்கில் உள்ள இரண்டு சின்னப் பிள்ளைகளும். சில வாரம் போயிருக்கும். ஒருநாள் இரவு தர்ஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாசூக்காகச் சொன்னாள்.

"அம்மா, நாங்களே போய்க்கிறோமே. நீங்க வந்தா யாரும் சரியாப் பேச மாட்டேங்கிறாங்க. உங்க மூஞ்சியைப் பாத்து எல்லாரும் பயப்படுறாங்க."

"யாருடி பயப்படுறா?"

"பகதூர் அங்கிள். மாக்சிக். பிரேக் கூட."

நாய்கூடவா? நான் கண்ணாடியில் போய் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை சொன்னதில் தப்பில்லை.

சரி என்று சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. நாலாம் நாள் காலை அவளை வாசலோடு அனுப்பிவிட்டு, நடைவழியில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் மாடியிலிருந்து புளோக் வாசல்வரைதான் தெரியும். அதற்குப் பிறகு இரும்புக்கடைக் கூரை மறைத்துவிடும். இருட்டு வேறு. மூன்று பைகள் வாசலைத் தாண்டி மறைந்தன. அவ்வளவுதான், இனி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

அப்போது கேட்டது.

"மார்னிங் பகதூர் அங்கிள்! சூடா மாக்கான்?"

"சூடா, சூடா!"

என் மகள் குரல்தான். இவ்வளவு பெரிய குரல் இவளுக்கு எப்போது வந்தது? அடுத்து ஒரு இரும்புக் கதவு ஏறும் சத்தம், ஆ செங் அங்கிள் எதற்கோ சிரிக்கிறார். அப்புறம் மாக்சிக், "தர்ஷினி, பாயோங் மானா?", குடை எங்கே என்று அதட்டல். பிரேக் ஒரு தடவை குரைத்தது. ஒவ்வொருவராக என் பிள்ளையை வாங்கி அடுத்தவர் கையில் கொடுப்பது போல அந்தச் சத்தம் நகர்ந்துகொண்டே போனது. இத்தனை வருஷம் எனக்கு எரிச்சல் மூட்டிய அதே இரைச்சல். இப்போது அதில் ஒன்றுகூடக் குறைந்துவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. போன வாரம்தான் குடிவந்த பெண். தலைமுடி கலைந்து, கையில் பால் புட்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா இது, காலங்காத்தால இப்படிக் கத்துறது?"

"என் மகதான்" என்றேன்.

அவள் சங்கடப்பட்டு ஏதோ சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். சத்தம் நின்றுவிட்டது. சந்துக்குள் போய்விட்டார்கள். லோங்காங், கார்கள், இருட்டு. கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிகிற சத்தம் கேட்டது. நான் நகரவில்லை.

பீம், பீம்.

மூச்சை விட்டேன்.

"அது என்னக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"இலை வேன் சேகர் அண்ணன். பிள்ளைங்க போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றேன். "உள்ள வாங்க, தேத்தண்ணி போடுறேன். உங்க பேரு என்ன?"